போதும் என்று சொன்னவர்

பிப்ரவரி 3, திங்கள்

மைத்துனன் தண்டபாணி கொடுத்த டைரி இது. அவனுடைய டைல்ஸ் கடையின் புத்தாண்டு அன்பளிப்பு. ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் ஒரு தரையின் படம் இருக்கிறது. பிப்ரவரிக்குக் குளியலறை. ஜனவரி முழுவதும் எதுவும் எழுதவில்லை. எழுதும்படி எதுவும் நடக்கவில்லை. இன்று நடந்தது.

அரசுக் கல்லூரிகளில் வேலை பார்க்கும் கௌரவ விரிவுரையாளர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் எவ்வளவு என்று நிர்ணயிக்க மூன்று பேர் கொண்ட குழு ஒன்றை அமைத்திருக்கிறார்கள். இந்த மாதக் கடைசியில் எங்கள் கல்லூரிக்கும் வருகிறார்கள்.

இந்த டைரி என்றாவது அகழாய்வில் கிடைத்தால் படிப்பவர்கள் குழம்பக் கூடாது. ஆகவே விளக்கம்: கௌரவ விரிவுரையாளர் என்பவர், நிரந்தரப் பேராசிரியர் நடத்தும் அதே பாடத்தை அதே மாணவர்களுக்கு அதே கட்டடத்தில் நடத்துபவர். மே மாதத்தில் மட்டும் அவருக்குப் பசிக்காது. மே மாதத்துக்குச் சம்பளம் கிடையாது என்பதிலிருந்து இதை நாம் ஊகிக்கலாம்.

நான் வரலாற்றுத் துறை. பதினெட்டு வருடத்துக்கு முன் என்னைச் சேர்த்துக்கொண்ட கல்லூரி முதல்வர், "ஜூன்ல எல்லாம் சரியாயிடும் திருமேனி" என்றார். எந்த ஜூன் என்று நான் கேட்கவில்லை. வரலாறு படித்தவன் ஆண்டைக் கேட்டிருக்க வேண்டும்.

வீட்டில் வசுமதியிடம் குழுவைப் பற்றிச் சொன்னேன். அவள் தனியார் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு வந்து குக்கரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு, தண்டபாணிக்கு என்ன பதில் என்றாள். அவன் கரூரில் புதுக் கிளை திறக்கிறான். நான் வந்தால் மேலாளர் நாற்காலி எனக்கு. இல்லையென்றால் வேறு ஆள் பார்ப்பான். சித்திரை ஒன்றாம் தேதிக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

குழு நல்லது செய்தால் கல்லூரி. இல்லையென்றால் கரூர். முடிவெடுப்பது இவ்வளவு சுலபம் என்று நினைக்கவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

எங்களுக்கான அறை, பழைய என்.சி.சி. சாமான் அறை. சுவரோரம் இன்னும் மரத் துப்பாக்கிகள் சாய்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஆட்கள் பதினான்கு, நாற்காலிகள் ஒன்பது. யாராவது ஐந்து பேர் எப்போதும் வகுப்பில் இருக்கும்படி கால அட்டவணை போடுவது என் வேலை. கணக்குத் தப்பும் நேரத்தில், உட்கார்ந்திருப்பவர்கள் நாற்காலியில் நகர்ந்து இடம் கொடுப்பார்கள். அரை நாற்காலியில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்தும் திறமை எங்கள் பதினான்கு பேருக்கு மட்டுமே உண்டு. எந்தப் பல்கலைக்கழகமும் அதற்குப் பட்டம் தருவதில்லை.

நிரந்தரப் பேராசிரியர்களின் நாற்காலிகளில் பூத்துவாலை போர்த்தியிருக்கும். அவர்கள் விடுப்பில் இருந்தாலும் துவாலை வேலைக்கு வந்துவிடும்.

இன்று கூட்டம் போட்டோம். குழுவின் முன்னால் எல்லார் சார்பிலும் ஒருவர் பேசுவது என்று முடிவு. விலங்கியல் ரோஸ்லின் என்னைச் சொன்னார். இரண்டு பேருந்து மாறி வருகிற அவர், வருவதற்குள்ளேயே பாதி பாடத்தை மனத்துக்குள் நடத்தி முடித்துவிடுபவர். வணிகவியல் கதிரேசன் வழிமொழிந்தார். கதிரேசன் மாலையில் ஹெல்மெட்டைக் கழற்றாமல் வீடு வீடாகச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டு கொடுக்கிறார். போன வாரம் விடுதியில் ஒரு பையன் பரோட்டாவை வாங்கிக்கொண்டு, "சார், இன்டர்னல் மார்க் எப்ப சார் போடுவீங்க?" என்று கேட்டானாம். குரலை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறான். நல்ல மாணவன், பாடத்தைக் கவனித்திருக்கிறான்.

"நீங்க பேசுனா மறுக்க முடியாது சார். சோழர் காலத்துலேர்ந்து ஆரம்பிப்பீங்க" என்றார் ரோஸ்லின்.

உண்மையில் அங்கிருந்துதான் ஆரம்பிப்பதாக இருந்தேன். எண்ணாயிரம் என்ற ஊரின் கல்வெட்டில் ஆசிரியர்களுக்கு நாள்தோறும் எவ்வளவு நெல் அளக்க வேண்டும் என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் வருடத்துக்கு முன்பே ஒரு குழு வந்து போயிருக்கிறது.

பிப்ரவரி 16, ஞாயிறு

தெரிந்தவர் வீட்டுக் கல்யாணம். பாப்பாத்தி அம்மாள் திருமண மண்டபம். உள்ளே போனதும் வருகைப் பதிவுக்குக் கை பரபரத்தது.

எங்கள் கல்லூரி தொடங்கிய முதல் இரண்டு வருடம் இந்த மண்டபத்தில்தான் நடந்தது. கட்டடம் எழும்பும்வரை அரசு வாடகைக்கு எடுத்திருந்தது. முகூர்த்த நாள்களில் கல்லூரிக்கு விடுமுறை. வைகாசியில் பாடமே நடக்காது. ஆடியிலும் மார்கழியிலும் முழுமூச்சாக நடக்கும். வரலாற்று வகுப்பு மேடையில். எனக்குப் பின்னால் மணமக்களின் சிம்மாசனம். அதற்கும் பின்னால் முந்தின கல்யாணத்தின் தெர்மாகோல் எழுத்துகள். ஒரு மார்கழி மாதம் முழுவதும் "கார்த்திக் வெட்ஸ் அபிராமி" என்ற தலைப்பின் கீழ் பிரெஞ்சுப் புரட்சி நடத்தினேன். கணிதம் சாப்பாட்டுக் கூடத்தில். நீளமான மேசைகள் அவர்களுக்கு வசதி. ஒலிபெருக்கி எங்களுக்குப் பொது.

மண்டபத்துக்காரர் நல்ல மனிதர். முகூர்த்த நாளில் தெரியாமல் வந்துவிட்ட மாணவர்களை வெறும் வயிற்றோடு அனுப்ப மாட்டார். கடைசிப் பந்தியில் உட்கார வைப்பார். பரிமாறும் ஆட்கள் ஓய்ந்திருப்பார்கள், பிள்ளைகளே பரிமாறுவார்கள். ஷம்ஷாத் என்று ஒரு பெண் இருந்தாள். முதல் வரிசை, கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பாள். சாம்பார் வாளியோடு என் இலைக்கு முன்னால் வந்து நின்று, "போதுமா சார்?" என்பாள். நான் இலைக்குக் குறுக்கே கையை வைத்து "போதும்மா, போதும்" என்பேன். ஆசிரியன் மாணவி முன்னால் இரண்டாம் முறை சோறு வாங்கலாமா? எழுந்து கை கழுவும்போது பக்கத்து இலையில் கணிதப் பேராசிரியர் மூன்றாம் முறை ரசம் வாங்கிக்கொண்டிருப்பார். அவர் நிரந்தரம்.

இன்றும் நல்ல சமையல். பக்கத்தில் தெரிந்த முகம் யாரும் இல்லாததால் இரண்டு வடை சாப்பிட்டேன்.

சித்திரைக்குப் பிறகு கரூரில் இருந்தால் இந்த மண்டபத்துப் பக்கம் வர வாய்ப்பில்லை. ஒரு மண்டபத்தை நினைத்து ஒருவன் ஏங்குவது வேடிக்கைதான்.

பிப்ரவரி 19, புதன்

முதல்வர் கூப்பிட்டார். கல்லூரிக்கு எந்தக் குழு வந்தாலும் வரவேற்பு ஏற்பாடு என்னுடையது. வாடகைக்குக் குரோட்டன்ஸ் தொட்டி யாரிடம் கிடைக்கும், சந்தனக் கிண்ணம் எந்தப் பீரோவில் இருக்கிறது, எந்த மாணவிக்குக் குத்துவிளக்கை அணைந்துவிடாமல் ஏற்ற வரும் என்பதெல்லாம் எனக்கு மட்டுமே தெரியும். "வழக்கம்போல ஜமாய்ச்சிடுங்க திருமேனி" என்றார். இது எங்கள் சம்பளத்தைப் பார்க்க வரும் குழு என்பதை அவரும் மறந்திருந்தார், நானும் மறந்திருந்தேன். வழக்கம் என்பது அப்படித்தான்.

மதியச் சாப்பாட்டுக்கு நிதி இல்லையாம். கௌரவ விரிவுரையாளர்கள் பங்கு போட்டுக்கொள்வதாக நானே சொன்னேன். மட்டன் பிரியாணி, சிக்கன் வறுவல், சைவம் சாப்பிடுபவர்களுக்குத் தனி.

பிப்ரவரி 25, செவ்வாய்

குரோட்டன்ஸ் வந்துவிட்டது. இரண்டு தொட்டி பிளாஸ்டிக். முன்வரிசையில் அவற்றை வைத்தேன். அவைதான் பசுமையாக இருந்தன.

பிப்ரவரி 27, வியாழன்

குழு வந்து போனது. ஏற்பாடு பிரமாதம் என்று எல்லாரும் சொன்னார்கள்.

காலையில் வசுமதி தண்டபாணியின் சட்டை ஒன்றை இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். நாலு பெரிய மனிதர்கள் வருகிற இடம் என்றாள். அவனும் ஊருக்கு வந்திருந்ததால் தன் காரிலேயே கொண்டு வந்து இறக்கினான். நான் இறங்கவும் குழுவின் கார் உள்ளே நுழையவும் சரியாக இருந்தது. இரண்டில் எங்களுடையது பெரிய கார்.

ரோஸ்லின் கல்யாணப் பட்டு கட்டியிருந்தார். கதிரேசன் அண்ணனுடைய கைக்கடிகாரத்தில் மணி பார்த்துக்கொண்டே இருந்தார். எங்களில் யாரைப் பார்த்தும் ஊதியம் குறைந்தவர் என்று சொல்லிவிட முடியாது. வரவேற்புக் குழுத் தலைவர் என்ற முறையில் எனக்கு அதில் கொஞ்சம் பெருமை கூட இருந்தது.

குழுத் தலைவர் ஓய்வுபெற்ற துணைவேந்தர். இன்னொருவர் நிதித்துறை, சந்தனத்தைத் தொட்டுக்கொள்ளும்போது கூடக் கணக்குப் பார்க்கும் முகம். மூன்றாமவர் உறுப்பினர் செயலர். கருத்தரங்க அறைக்குள் நான் போனதும் அந்த அம்மாள் எழுந்து நின்றுவிட்டார்.

ஷம்ஷாத்.

தேர்வு எழுதிப் பெரிய பதவிக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். இவ்வளவு பெரிது என்று தெரியாது. தலைவரிடம் மண்டபத்தைப் பற்றி, மேடையைப் பற்றி, தெர்மாகோல் எழுத்துகளைப் பற்றியெல்லாம் சொன்னாள். "இவங்க வகுப்புலதான் சார் நான் முதல்ல கேள்வி கேட்கக் கத்துக்கிட்டேன்" என்றாள். தண்ணீர்ப் பாட்டிலோடு வாசலில் நின்ற மாணவர்கள் என்னைப் புதிதாகப் பார்த்தார்கள். முதல்வர் தன் நாற்காலியிலிருந்து சற்று முன்னால் நகர்ந்தார்.

பிறகு அவள், "சொல்லுங்க சார். உங்களுக்கெல்லாம் என்ன குறைன்னு கேட்கத்தான் வந்திருக்கோம்" என்றாள்.

நான் சுருக்கமாகவும் கண்ணியமாகவும் பதில் சொன்னேன். தலைவர் தலையசைத்தார். நிதித்துறைக்காரர் அன்றைக்கு முதன்முறையாகச் சிரித்தார்.

எண்ணாயிரம் கல்வெட்டுக் குறிப்பு சட்டைப்பையிலேயே இருந்துவிட்டது. சட்டை தண்டபாணியோடு கரூர் போய்விட்டது.

பிப்ரவரி 28, வெள்ளி

மூன்றாம் பாடவேளை ஓய்வு. அறைக்குப் போனேன். ஒன்பது நாற்காலியிலும் ஆள். எல்லாருக்கும் விடைத்தாளில் ஏதோ அவசரம், யாரும் நகரவில்லை. மரத் துப்பாக்கிகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே திருத்தினேன். நிற்பது முதுகுக்கு நல்லது.

மார்ச் 4, செவ்வாய்

டீக்கடையில் நான் போனதும் பேச்சு நின்றது. காசு கொடுக்க எல்லாரும் பையைத் தடவும்போது கதிரேசன், "விடுங்கப்பா, திருமேனி சார் குடுப்பாரு. அவருக்குத்தான் போதுமே" என்றார். யாரும் சிரிக்கவில்லை. கதிரேசனும் சிரிக்கவில்லை.

அவருக்கு என்ன கோபம் என்று ரோஸ்லினிடம் கேட்டேன். அவர் கிளாசைக் கீழே வைத்துவிட்டு, பதற்றமில்லாமல், வகுப்பில் தவளையின் இதயத்தை விளக்குவதுபோல விளக்கினார்.

"அந்தம்மா கேட்டாங்க சார், என்ன குறைன்னு. நீங்க எந்திரிச்சு, 'எங்களுக்கு என்னம்மா குறை, இருக்கறது போதும். கல்வி குடுக்கறவன் கையேந்தக் கூடாது'ன்னீங்க. பிரின்சிபால் கை தட்டுனாரு. நான் கல்யாணச் சேலையைக் கட்டிக்கிட்டு உங்களுக்குப் பின்னாடி ஒக்காந்திருந்தேன்."

சொல்லுக்குச் சொல் சரி. விலங்கியல்காரர்களுக்கு நுணுக்கமான கவனிப்பு உண்டு.

அவர் ஊரிலேயே ஒரு மெட்ரிக் பள்ளியில் அழைக்கிறார்களாம். பேருந்தே வேண்டாம். பதிமூன்று வருடமாக மறுத்தாராம்; இந்த ஜூனில் போய்விடலாமா என்று பார்க்கிறாராம். "எங்களுக்குக் கேக்கத் தெரியாதுன்னுதான சார் உங்களைக் கேக்கச் சொன்னோம்" என்றார்.

பழைய மாணவி எழுந்து நிற்கும்போது ஆசிரியன் என்ற இடத்தில் இருப்பவன் வேறு எதைச் சொல்ல முடியும் என்பதை விரிவாக விளக்கினேன். விளக்கி முடித்தபோது கடையில் டீ ஆற்றுபவர் மட்டும் இருந்தார். அவர் ஒத்துக்கொண்டார்.

மார்ச் 9, ஞாயிறு

கரூர் போய்க் கிளையைப் பார்த்தேன். கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், மேலாளர் நாற்காலி. சுழலும் நாற்காலி. முழு நாற்காலி.

டைல்ஸுகளுக்கு ரோமன், எகிப்தியன், மொகல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ரோமன் கொஞ்சம் வழுக்கும். உங்க படிப்பு வீணாகாது மாமா என்றான் தண்டபாணி.

ஒரு மணி நேரம் உட்கார்ந்து வியாபாரத்தைக் கவனித்தேன். வாடிக்கையாளர் ஒரு விலை கேட்பார். தண்டபாணி புன்னகை மாறாமல், "கட்டுபடியாகாதுங்கண்ணே" என்பான். அவர் ஏற்றுவார். "இன்னும் கட்டுபடியாகாதுங்க." வந்தவர்களில் அவனுடைய பத்தாம் வகுப்பு வாத்தியார் ஒருவர். அவரை நாற்காலியில் உட்கார வைத்து, இளநீர் வரவழைத்து, காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, "உங்களுக்காகன்னாலும் இந்த வெலைக்குக் கட்டுபடியாகாதுங்க ஐயா" என்றான். வாத்தியார் கோபித்துக்கொள்ளவில்லை. வானம் இடிந்து விழவில்லை. மொகல் இருபது பெட்டி எடுத்துக்கொண்டு போனார்.

பேருந்தில் திரும்பும்போது முழுவதும் மண்டபத்து ஞாபகம். அந்த மேடையில் வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பு முடிந்த பிறகும் பத்துப் பன்னிரண்டு பேர் போகாமல் உட்கார்ந்திருப்பார்கள். சிம்மாசனத்தில் ஒருவனை உட்கார வைத்து லூயி மன்னன் ஆக்குவோம். மற்றவர்கள் அவனிடம் ரொட்டி கேட்பார்கள். ஷம்ஷாத் கேட்டால் மண்டபமே அதிரும். எல்லாருக்கும் கேட்கக் கற்றுக் கொடுத்திருக்கிறேன்.

மார்ச் 18, செவ்வாய்

முதல்வர் அழைத்துக் கை குலுக்கினார். குழுவின் வரைவு அறிக்கை கருத்துக் கேட்பதற்காகக் கல்லூரிகளுக்கு வந்திருக்கிறது. பதினான்காம் பத்தியில் நான் இருக்கிறேன். "பதினெட்டு ஆண்டு அனுபவமுள்ள மூத்த கௌரவ விரிவுரையாளர் ஒருவர், இருப்பது போதுமானது என்றும் கல்வி அளிப்போர் கையேந்தலாகாது என்றும் தெரிவித்தமை குழுவின் நெஞ்சைத் தொட்டது."

நெஞ்சைத் தொட்ட பிறகு அவர்கள் பரிந்துரைத்தது இது: இப்போது வழங்கப்படுவதையே குறைந்தபட்ச ஊதியமாக நிர்ணயிக்கலாம். கூடுதலாக, ஆண்டுதோறும் மாவட்டத்துக்கு ஒருவருக்குச் சான்றிதழும் சால்வையும் வழங்கலாம். முதல் சால்வை உங்களுக்குத்தான் என்றார் முதல்வர்.

கல்லூரியின் பெயர் அரசு அறிக்கையில் வருவது இதுவே முதல் தடவையாம். மாநிலத்தில் எத்தனை ஆயிரம் கௌரவ விரிவுரையாளர்கள் இருக்கிறோம் என்று சரியாகத் தெரியவில்லை. அத்தனை பேருக்கும் நான் போதும் என்று சொல்லியிருக்கிறேன்.

ஆட்சேபம் இருந்தால் ஏப்ரல் மூன்றாம் தேதி காணொளிக் கூட்டத்தில் சொல்லலாம். ரோஸ்லின் மெட்ரிக் பள்ளிக்குச் சம்மதம் சொல்லப் போகிறாராம். நேரில் என்னிடம் சொல்லவில்லை. அறையில் பொதுவாகச் சொன்னார். நான் துப்பாக்கிகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

மார்ச் 22, சனி

ஆட்சேப மனு எழுதினேன். ஐந்து பக்கம். எண்ணாயிரத்தில் தொடங்கி, நாளந்தா வழியாக, காலனிய ஆட்சியின் கல்விக் கொள்கையைத் தொட்டு நிற்கிறது. நன்றாக வந்திருக்கிறது. ரோஸ்லினிடம் கொடுத்தேன். படித்தார். திருப்பிப் படித்தார்.

"எல்லாம் இருக்கு சார். சோழன் இருக்கான், நெல்லு இருக்கு, நாளந்தா இருக்கு. பத்தலைன்னு எங்க சார் இருக்கு?"

அது தொக்கி நிற்கிறது என்றேன்.

"நாமளும் இத்தனை வருசமாத் தொக்கித்தான சார் நிக்கிறோம்" என்று காகிதத்தைக் கையில் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போனார். அவருடைய நாற்காலி காலியாக இருந்தது. நான் உட்காரவில்லை.

வீட்டுக்கு வந்து குளியலறையில் தனியாக, "பத்தலை" என்று சொல்லிப் பார்த்தேன். வசுமதி வெளியிலிருந்து, என்ன தண்ணி வரலையா என்றாள்.

மார்ச் 31, திங்கள்

நோன்புப் பெருநாள். ஷம்ஷாத் ஊருக்கு வந்திருக்கிறாள். சாப்பிட வரச்சொல்லி நேற்று அவளுடைய அம்மாவே தொலைபேசியில் கூப்பிட்டார். வசுமதி தண்டபாணியின் இன்னொரு சட்டையை எடுத்தாள். வேண்டாம் என்று என் சட்டையையே போட்டுக்கொண்டேன். காலர் நைந்து, திருப்பித் தைத்தது.

அவர்கள் வீடு பள்ளிவாசல் தெருவில் அதே பழைய வீடுதான். உள்ளே போனதும் அந்த அம்மாள், "வாங்க சார், எம்மகளை ஆளாக்குன கையி நம்ம வீட்ல நனையணும்" என்றார். ஷம்ஷாத் தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு தானே பரிமாற வந்தாள். ஆயிரம் பேருக்கு உத்தரவு போடும் பெண். பிரியாணி, தாளிச்சா, வெங்காயப் பச்சடி. என் காலரை ஒரு தடவை பார்த்தாள், பிறகு பார்க்கவில்லை.

வரைவு அறிக்கையைப் பற்றி அவள் பேசவில்லை. மண்டபத்தைப் பற்றிப் பேசினோம். லூயி மன்னனாக உட்கார்ந்தவன் இப்போது துபாயில் இருக்கிறானாம். கணிதப் பேராசிரியர் காலமாகிவிட்டார். சிரித்துக்கொண்டே இருந்தோம். தட்டு காலியானது. அவள் கரண்டியோடு வந்து குனிந்தாள்.

"போதுமா சார்?"

கை தானாகத் தட்டுக்குக் குறுக்கே போனது. பதினெட்டு வருடப் பழக்கம். அதற்கு என் அனுமதி தேவையில்லை. கையைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். கரண்டி அந்தரத்தில் நின்றது.

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஷம்ஷாத்" என்றேன். "அன்னிக்குக் காலேஜ்ல நான் சொன்னது நெசமில்லம்மா. எனக்கு வர்ற சம்பளம் பத்தலை. எங்க யாருக்குமே பத்தலை."

அவள் முதலில் இரண்டு கரண்டி சோறு போட்டாள். பிறகு ஒரு கறித்துண்டு. பிறகு எதிரில் உட்கார்ந்தாள்.

"தெரியும் சார். மண்டபத்துல நீங்க கையை வெப்பீங்க. கை கழுவப் போகும்போது சாம்பார் வாளியத் திரும்பிப் பாப்பீங்க. நான்தான் கேக்காமப் போட்டிருக்கணும். அப்ப எனக்குத் தைரியம் இல்ல."

அறிக்கையில் மாற்றிவிட முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றாள். வீட்டில் சொன்னது கோப்பில் ஏறாதாம். எல்லார் முன்னாலும் சொன்னதை எல்லார் முன்னாலும்தான் மாற்ற வேண்டும். "மூணாம் தேதி சொல்லுங்க சார். ஒரே வரிதான். சோழரெல்லாம் வேண்டாம்." அறிக்கையை எழுதியவள் அவள் என்பதால், அன்று அவள் எதுவும் பேச மாட்டாளாம், கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பாளாம்.

பாயசமும் சாப்பிட்டேன். அதற்குக் கையை வைக்கவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

கருத்தரங்க அறை. திரையில் மூன்று சதுரம்: ஒன்றில் தலைவர், ஒன்றில் நிதித்துறை, ஒன்றில் ஷம்ஷாத். முன்வரிசையில் முதல்வர். பின்னால் எங்கள் ஆட்கள் பதிமூன்று பேரும். ரோஸ்லின் சாதாரணப் புடவையில் வந்திருந்தார். குரோட்டன்ஸ் இல்லை. நான்தான் சொல்லவில்லை.

எங்கள் கல்லூரியின் முறை வந்ததும் போய் மைக் முன் நின்றேன். தயார் செய்து வைத்திருந்த வாக்கியத்தை நல்ல தமிழில் சொன்னேன். "மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, எங்களுக்கு வழங்கப்படும் ஊதியம் போதுமானதாக இல்லை."

தலைவர் காதருகே கையை வைத்தார். "கேட்கலையே."

மறுபடி சொன்னேன். "போதுமானதுன்னு சொல்றாரா?" என்று தலைவர் பக்கத்தில் யாரிடமோ கேட்டார். முதல்வர் என்னைத் திரும்பிப் பார்த்து, அவ்வளவுதான், போதும், வந்துவிடுங்கள் என்பதுபோலக் கையசைத்தார். மைக்கைத் தட்டிப் பார்த்தேன். உயிர் இல்லை. திரையில் ஷம்ஷாத் அசையாமல் உட்கார்ந்திருந்தாள், கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் போல.

"பத்தலைங்க ஐயா!" என்று கத்தினேன். "சம்பளம் பத்தலை. சோத்துக்கே பத்தலை. அன்னிக்குப் போதும்னு நான் சொன்னது பொய்!"

மைக் இல்லாமலே சென்னைவரை கேட்டிருக்கும். தாழ்வாரத்தில் போன மாணவர்கள் நின்றுவிட்டார்கள். ஒரு பையன் ஜன்னலில் எட்டிப் பார்த்தான். அவனுக்கு அடுத்த பாடவேளை என் வகுப்புதான்.

தலைவர் கையை இறக்கினார். கேட்டுவிட்டது. நிதித்துறைக்காரர், சரி, எவ்வளவு வேண்டும் என்று கேட்டார். அதை நான் யோசிக்கவே இல்லை. கேட்பதற்கே ஒரு மாதம் ஆனவனுக்குத் தொகை எப்படித் தெரியும்? பின்னாலிருந்து ரோஸ்லினின் குரல் வந்தது: புதிதாகச் சேரும் நிரந்தரப் பேராசிரியர் முதல் மாதம் வாங்குவது. அதை அப்படியே சொன்னேன்.

"மே மாசம் சார், மே மாசம்" என்றார் கதிரேசன்.

"மே மாசத்துக்கும்" என்றேன்.

அறைக்குத் திரும்பியபோது எல்லாரும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். மரத் துப்பாக்கிகள் பக்கம் போனேன். ரோஸ்லின் விடைத்தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமலே நாற்காலியில் நகர்ந்தார்.

அரை நாற்காலி. கரூரில் இருப்பது சுழலும்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. வசுமதி வடை, பாயசம், மாங்காய்ப் பச்சடி.

இறுதி அறிக்கையை வெள்ளிக்கிழமை முதல்வர் காட்டினார். கை குலுக்கவில்லை. பதினான்காம் பத்தி மாறியிருக்கிறது. "மூத்த கௌரவ விரிவுரையாளர் ஒருவர், ஊதியம் போதவில்லை என மூன்று முறை தெரிவித்தார்." நெஞ்சைப் பற்றி எதுவும் இல்லை. சால்வையும் இல்லை. குறைந்தபட்ச ஊதியமாக நாங்கள் கேட்டதில் முக்கால் பங்கு பரிந்துரைத்திருக்கிறார்கள். மே மாதத்தையும் சேர்த்து. நிதித்துறை ஒப்புக்கொண்டால் ஜூனில் ஆணை வரும். ஒப்புக்கொள்ளாவிட்டால் என்ன வரும் என்று எழுதவில்லை.

ரோஸ்லின் மெட்ரிக் பள்ளியிடம் ஜூன்வரை தவணை கேட்டிருக்கிறார். கதிரேசன் ஹெல்மெட்டை இன்னும் கழற்றவில்லை.

சாப்பிடும்போது தண்டபாணி தொலைபேசியில் வந்தான். இன்று கடைசி நாள்.

"என்ன மாமா, நாற்காலியைத் தொடைச்சு வெச்சிருக்கேன். வர்றீங்களா?"

"கட்டுபடியாகாது தண்டபாணி" என்றேன்.

அவன் சிரித்தான். தன் கடையில் ஒரு மணி நேரம் உட்கார வைத்தது தன் தப்புதான் என்றான். அங்கே சம்பளம் கூடுமா, நிச்சயமா என்று கேட்டான். ஜூனில் சரியாகிவிடும் என்றேன். சொன்ன பிறகுதான் இந்த வாக்கியத்தை எங்கே கேட்டேன் என்று நினைவு வந்தது: மண்டபத்து வாசலில், வாழை மரத்துக்குப் பக்கத்தில், பழைய முதல்வர் என் தோளில் கை வைத்துக்கொண்டு சொன்னது.

"எந்த ஜூன் மாமா?" என்றான் தண்டபாணி. பத்தாம் வகுப்போடு நிறுத்தியவன், ஆனால் வியாபாரி.

"இந்த ஜூன்" என்றேன், வசுமதி வடைத்தட்டோடு சமையலறையிலிருந்து எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக.